பெயர்கள் தாங்கும் சுவர்: நியூசிலாந்துச் சிற்றூர்களின் போர் நினைவு மண்டபங்கள், 1946 முதல் இன்றுவரை (நிகழ்வு ஆய்வு)

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது

நியூசிலாந்தின் பண்ணைப் பகுதிகளில் உள்ள சிற்றூர்களில் கடைத்தெரு, பள்ளி, தேவாலயம் ஆகியவற்றை அடுத்து கண்ணில் படுவது பெரும்பாலும் ஒரு மண்டபம். முகப்பில் அது போர் நினைவு மண்டபம் என்று எழுதியிருக்கும். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பலகையோ வெண்கலத் தகடோ இருக்கும். அதில் திரும்பி வராதவர்களின் பெயர்கள். மேடையும் மர நடனத் தளமும் சமையலறையும் அதே கூரையின் கீழ்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசும் ஊர்க்குழுக்களும் சேர்ந்து எடுத்த ஒரு முடிவு இந்த மண்டபங்களை உருவாக்கியது. அந்த முடிவு எப்படி நிறைவேறியது, எதைக் கணக்கில் எடுக்கத் தவறியது, 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு அதே ஊர்க்குழுக்களின் வாரிசுகள் எதை எதிர்கொண்டார்கள் என்பதே இந்த ஆய்வு. தனி ஊரையும் தனி மனிதரையும் பெயர் சொல்லவில்லை. குழுக்கள் நடந்து வந்த பாதை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால், அதையே ஒரு நிகழ்வாகப் பதிவு செய்கிறோம்.

பின்னணி: கல்லறை இல்லாத சாவுகள்

முதல் உலகப் போரின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் மக்கள்தொகை சுமார் 11 லட்சம். அதில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கடல் கடந்து போருக்குப் போனார்கள்; சுமார் 18,000 பேர் இறந்தார்கள். உடல்களைத் தாயகத்துக்குக் கொண்டுவருவதில்லை என்பது பிரிட்டிஷ் பேரரசு முழுவதற்கும் பொதுவான முடிவு. கலிபோலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புதைந்தவர்களின் கல்லறையைப் பெற்றோர் பலர் கடைசிவரை பார்க்கவே இல்லை. அதனால் ஊர் நடுவில் நின்ற நினைவுத்தூண்தான் அவர்களுக்குக் கல்லறையாயிற்று. நாடு முழுவதும் இப்படிச் சுமார் 500 நினைவுச்சின்னங்கள் எழுந்தன.

அப்போதே ஒரு வாதம் இருந்தது. கல்லுக்குப் போகும் பணத்தில் நூலகமோ மருத்துவமனையோ மண்டபமோ கட்டலாமே என்றது ஒரு தரப்பு. பயன்பாட்டுக் கட்டடம் நாளடைவில் வெறும் கட்டடமாகிவிடும், யாருக்காகக் கட்டினோம் என்பது மறந்துபோகும் என்றது மறுதரப்பு. முதல் போருக்குப் பின் வென்றது பெரும்பாலும் கல். மறுதரப்பின் அச்சம் வீணானதில்லை. பின்னால் பல ஊர்களில் அது பலித்தது.

1946: முடிவும் காரணமும்

இரண்டாம் போரில் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். ஊர்களில் தூண் ஏற்கெனவே நின்றது. புதிய பெயர்களை அதன் அடிப்பீடத்தில் சேர்த்தால் போதும். இன்னொரு தூண் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. வீடு திரும்பிய இளைஞர்களும் வாழ்கிறவர்களுக்குப் பயன்படும் ஒன்றையே விரும்பினார்கள்.

பீட்டர் ஃப்ரேசர் தலைமையிலான தொழிற்கட்சி அரசு 1946இல் ஒரு திட்டம் அறிவித்தது. போர் நினைவாகச் சமூக மையம் கட்ட ஊர் திரட்டும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு ஒரு பவுண்டு தரும். நிர்வாகம் உள்துறையிடம். கட்டடம் ஒரு சங்கத்துக்கோ ஒரு விளையாட்டுக் கழகத்துக்கோ உரியதாக இல்லாமல் ஊர் முழுவதற்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை எதிர்பார்ப்பு.

இது நல்ல முடிவு என்றே இன்றும் சொல்வோம். சிதறிக் கிடந்த பண்ணைக் குடும்பங்களுக்குக் கூடும் இடம் தேவைப்பட்டது. பாதிப் பணத்தை ஊரே திரட்ட வேண்டியிருந்ததால் மண்டபம் மேலிருந்து இறங்கிய அரசுக் கட்டடமாக இல்லை. ஆனால் மானியம் கட்டுவதற்குத்தான். கட்டிய பின் பராமரிக்க யார், எந்தப் பணத்தில் என்பதற்குத் திட்டத்தில் இடமில்லை. அடுத்த ஐம்பது ஆண்டுச் சிக்கல்களில் பாதி இந்த ஓர் இடைவெளியில் தொடங்கின.

ஊர்க்குழு செய்த வேலை

முதலில் பொதுக்கூட்டம், குழு, பொருளாளர். பிறகு பணம். பணம் வந்த வழிகள் பண்ணை ஊருக்கே உரியவை. விவசாயிகள் ஆளுக்குச் சில ஆடுகளையோ மாட்டையோ ஒதுக்கித் தர, அவை சந்தையில் மண்டபக் கணக்கில் விற்கப்பட்டன. ராணிப் போட்டி இன்னொரு வழி: ஊரின் ஒவ்வொரு பிரிவும் ஒரு பெண்ணை நிறுத்தும், அழகுக்கு மதிப்பெண் கிடையாது, யார் பெயரில் அதிகப் பணம் சேர்ந்ததோ அவரே ராணி. நடன இரவு, சீட்டாட்ட இரவு, பலகார விற்பனை ஆகியவை ஆண்டு முழுவதும் நடந்தன. 1950–51 பருவத்தில் கொரியப் போரினால் கம்பளி விலை மும்மடங்கானது; ஆடு வளர்க்கும் ஊர்களில் இழுத்துக்கொண்டிருந்த வசூல் அப்போது வேகமெடுத்தது.

பணம் இருந்தும் கட்ட முடியாத காலமும் உண்டு. போருக்குப் பின் சிமென்ட், இரும்பு, மரம் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அரசு வீடுகளுக்கு முன்னுரிமை கொடுத்தது. அனுமதி கிடைக்காமல் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. 1946இல் பேசத் தொடங்கிய மண்டபங்கள் பல 1950களில்தான் திறக்கப்பட்டதற்கு இதுவே காரணம். காத்திருப்பில் விலை ஏறியது; வரைபடம் சுருங்கியது. எங்கே சுருக்கினார்கள் என்பதைப் பின்வந்தவர்கள் கவனிக்க வேண்டும். மேடையும் சமையலறையும் கண்ணுக்குத் தெரிவதால் தப்பின. அடித்தளக் காற்றோட்டமும் கூரைப் பிணைப்பும் தெரியாதவை.

கட்டடமும் அதன் பலவீனங்களும்

பொதுவான அமைப்பு இது: நுழைகூடம், அதில் பெயர்ப் பலகை, நீண்ட உயரமான மையக் கூடம், ஒரு முனையில் மேடை, மறுமுனையில் படம் காட்டும் அறை, பக்கத்தில் இரவு உணவுக் கூடமும் சமையலறையும். அன்று மதுக்கடைகள் மாலை 6 மணிக்கு மூடப்பட்டன. 1917 முதல் 1967 வரை அதுவே சட்டம். ஆகவே மாலைக்குப் பின் ஊருக்கு இருந்தது இந்தக் கூடம்தான். ஒவ்வொரு குடும்பத்துப் பெண்ணும் ஒரு தட்டுப் பலகாரம் கொண்டுவருவார். நடனத்தின் இடைவேளையில் உணவுக் கூடத்தில் அது பரிமாறப்படும். அந்தக் கூடத்தையும் சமையலறையையும் துணைப்பகுதி என்று நினைத்துப் பின்னாளில் இடித்த இடங்களில் மண்டபத்தின் வாடகைதாரர்களும் குறைந்தார்கள். சமைக்க வசதியில்லாத கூடத்தைத் திருமணத்துக்கோ இறுதிச்சடங்குக்குப் பின்னான தேநீருக்கோ யாரும் கேட்பதில்லை.

தளம்: மாட்டாய் அல்லது ரிமு மரப் பலகைகள், ஒன்றின் விளிம்பிலுள்ள நாக்கு அடுத்ததன் பள்ளத்தில் பொருந்துமாறு இணைத்தவை. இன்று அந்த மரத்தில் அப்படி ஒரு தளம் போடுவது அரிது. மண்டபத்தில் ஈடு செய்ய முடியாத பொருள் என்றால் பெயர்ப் பலகைக்கு அடுத்து இதுதான். இதைக் கெடுப்பவை மூன்று. ஒன்று, அடிக்கடி இயந்திரம் வைத்துத் தேய்த்து மெருகிடுவது. நாக்குக்கு மேலே இருப்பது சில மில்லிமீட்டர் மரம்தான். ஒவ்வொரு தேய்ப்பும் அதைக் குறைக்கிறது, கடைசியில் ஆணித்தலை வெளியே வரும். மேல்பூச்சு மட்டும் மங்கியிருந்தால் இலேசாக உரசி மறுபூச்சு போட்டால் போதும். இரண்டு, அடியில் ஈரம். மரத்தளத்தின் கீழே ஒரு சதுர மீட்டர் தளத்துக்கு 3,500 சதுர மில்லிமீட்டர் திறந்த காற்றுத்துளை வேண்டும் என்பது நியூசிலாந்தின் மரக்கட்டட விதி. 200 சதுர மீட்டர் கூடத்துக்கு இது 0.7 சதுர மீட்டர். வெளியே பூச்செடிப் பாத்தியை உயர்த்தியும் நடைபாதைக் காரை ஊற்றியும் இந்தத் துளைகளை மூடிவிடுகிறார்கள். சில ஆண்டுகளில் பலகை விளிம்பு மேல்நோக்கி வளையும். மூன்று, மரத்துளைப்பான் வண்டு. வெளிமரம் கலந்த உத்திரங்களை இது முதலில் தின்னும். தரையில் புதிதாகக் கொட்டியிருக்கும் மரத்தூள்தான் அடையாளம். பழைய துளை மட்டும் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை.

கூரை: அக்காலத்துக் கட்டடங்களில் நெளிவுள்ள கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்)-சிமென்ட் தகடுகள் பரவலாகப் பயன்பட்டன. பாசியை நீக்குகிறோம் என்று உயர் அழுத்தத் தண்ணீர் பாய்ச்சக் கூடாது, நுரையீரலுக்குக் கேடான நார் வெளியேறும். வயதான தகடு மிதித்தால் உடையும். ஆள் ஊடுருவி விழுவார். 2016 ஏப்ரலில் வந்த கல்நார் விதிகளின்படி, மொத்தம் 10 சதுர மீட்டருக்கு மேல் அகற்ற உரிமம் பெற்றவர் வேண்டும். உரிமம் தேவைப்படும் பணிக்குக் குறைந்தது 5 நாள் முன்பே பணியிடப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். 2018 ஏப்ரல் முதல், கல்நார் இருக்கும் பணியிடங்களுக்கு எழுத்து வடிவ மேலாண்மைத் திட்டமும் கட்டாயம். விருப்பத்தொண்டர்கள் ஒரு சனிக்கிழமை கூடிக் கூரை மாற்றிய காலம் அதோடு முடிந்தது.

சுவர்: நிலநடுக்கத்தில் ஆபத்து இங்கேதான். கூடம் நீளமாகவும் உயரமாகவும் இருக்கும். குறுக்குச் சுவர் இல்லை. பக்கச்சுவரின் உச்சியைப் பிடித்து நிறுத்தக் கூரை மட்டத்தில் விறைப்பான தட்டு ஒன்று வேண்டும். பல மண்டபங்களில் அது கிடையாது. முகப்பின் கைப்பிடிச் சுவரும் மேடைக்குப் பின்னுள்ள முக்கோண முனைச் சுவரும் முதலில் வெளிப்பக்கமாக விழக்கூடியவை. மக்கள் வெளியே ஓடிவரும் வாசல் அந்த முகப்பின் கீழேதான் இருக்கிறது.

தேய்வு

1960இல் தொலைக்காட்சி வந்தது. மண்டபத்துப் படக்காட்சி நின்றது. சாலைகள் செப்பனிடப்பட்டு, கார் வாங்கியவர்கள் பெரிய நகரத்துக்குப் போனார்கள். 1984க்குப் பின் பண்ணை மானியங்கள் நீக்கப்பட்டபோது ஊர்களில் ஆட்கள் குறைந்தார்கள்.

1989இல் உள்ளாட்சிகள் மாற்றியமைக்கப்பட்டன. சுமார் 850 அமைப்புகள் 86 ஆகச் சுருங்கின. கவுண்டி எனப்பட்ட சிறு உள்ளாட்சிகளின் பொறுப்பில் இருந்த மண்டபங்கள் பெரிய மாவட்ட மன்றங்களின் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாயின. கட்டடம் மன்றத்துடையது, சாவி ஊர்க்குழுவிடம், நிலம் சில இடங்களில் 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பொதுப் பயனுக்கென ஒதுக்கப்பட்ட நிலம். கூரை ஒழுகினால் யார் செலவு செய்வது என்பது எழுத்தில் இல்லாத ஊர்களில் யாருமே செய்யவில்லை.

2011க்குப் பின் கண்டறிந்தவை

2010 செப்டம்பர் 4, 2011 பிப்ரவரி 22 ஆகிய நாட்களில் தெற்குத் தீவின் கேன்டர்பரி பகுதியில் நிலம் அதிர்ந்தது. இரண்டாவதில் 185 பேர் இறந்தார்கள். செங்கல் முகப்புகள் தெருவில் விழுந்து நடந்துபோனவர்களையும் பேருந்தில் இருந்தவர்களையும் கொன்றன. அதன் பிறகு மாவட்ட மன்றங்கள் தம் பொதுக் கட்டடங்களை மதிப்பிடத் தொடங்கின. நினைவு மண்டபங்கள் பட்டியலில் முன்வரிசையில் இருந்தன.

மதிப்பீடு ஒரு சதவீதமாக வரும்: அதே இடத்தில் இன்று புதிதாகக் கட்டினால் எவ்வளவு வலு வேண்டுமோ அதில் எத்தனை பங்கு இந்தக் கட்டடத்துக்கு உண்டு என்பது. 34க்குக் கீழே போனால் நிலநடுக்க ஆபத்துக் கட்டடம் என்ற வகைக்குள் வரக்கூடும். இதில் குழுக்கள் தடுமாறிய இடங்கள் இரண்டு.

முதலாவது, கொள்ளளவு. ஒரே இடத்தில் 300 பேருக்கு மேல் கூடக்கூடிய கட்டடம் ஒரு படி உயர்ந்த முக்கியத்துவ வகையில் சேரும். அதற்குரிய நிலநடுக்க விசை சாதாரணக் கட்டடத்தைவிட 1.3 மடங்கு. கணக்கு எளிது: சாதாரண வகையில் 42 சதவீதம் பெறும் கட்டடம் உயர் வகையில் 42 ÷ 1.3, அதாவது சுமார் 32 தான் பெறும். ஒரு செங்கல்கூட மாறவில்லை, ஆனால் கோட்டுக்கு மேலிருந்தது கீழே போய்விட்டது. ஐம்பது பேர் கூடுவதே அரிதான ஊரில் மண்டபத்தை எந்த வகையில் வைப்பது என்று பொறியாளரிடம் முதல் நாளே கேட்க வேண்டியிருந்தது. அறிக்கை கைக்கு வந்த பின்தான் பல குழுக்களுக்கு இது தெரிந்தது.

இரண்டாவது, முதற்கட்ட மதிப்பீட்டையும் விரிவான மதிப்பீட்டையும் ஒன்றாகக் கருதியது. முதற்கட்டம் என்பது கட்டப்பட்ட ஆண்டு, வகை, வெளித்தோற்றம், கிடைத்தால் வரைபடம் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் சல்லடை. சுவருக்குள் கம்பி இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. விரிவான மதிப்பீட்டில் கருவி வைத்துக் கம்பி தேடுவார்கள், சில இடங்களில் துளையிட்டுப் பார்ப்பார்கள், கூரைக்குள் ஏறி இணைப்புகளைச் சோதிப்பார்கள். உள்ளாட்சியின் பழைய கோப்பில் கட்டுமான வரைபடம் கிடைத்தால் செலவும் ஐயமும் குறையும். மானிய விண்ணப்பத்தோடு வரைபடம் போயிருக்கக்கூடும் என்பதால் தேசிய ஆவணக் காப்பகத்திலும் தேட வேண்டும்.

எடுக்கப்பட்ட முடிவுகள்

குறைந்த எண் வந்ததும் மண்டபத்தைப் பூட்டுவதுதான் முதல் முடிவாக இருந்தது. 2011இன் அதிர்ச்சி, பொறுப்பாளர்களின் சட்டக் கவலை, காப்பீட்டுக் கட்டண உயர்வு மூன்றும் சேர்ந்து அதைத் தூண்டின. அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் முதற்கட்ட எண்ணை மட்டும் வைத்து எடுத்த முடிவு அநேக இடங்களில் தேவைக்கு மீறியது. குறைந்த சதவீதம் என்றால் உடனடி ஆபத்து என்று பொருளில்லை, பெரும்பாலும் உடனே காலி செய்ய வேண்டியதில்லை என்பதைக் கட்டடத் துறை அமைச்சகமே 2022இல் வழிகாட்டியாக வெளியிட வேண்டி வந்தது.

2016இல் இயற்றி 2017 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் நாட்டை மூன்று மண்டலங்களாகப் பிரித்தது. அபாயம் மிகுந்த மண்டலத்தில் கண்டறிய 5 ஆண்டு, வலுப்படுத்த 15 ஆண்டு. நடுத்தரத்தில் 10, 25. குறைந்ததில் 15, 35. முதல் இரு மண்டலங்களில் மருத்துவமனை, பள்ளி போன்ற முன்னுரிமைக் கட்டடங்களுக்குப் பாதிக் கெடு. மன்றங்கள் தேட வேண்டிய வகைகளும் வரையறுக்கப்பட்டன: கம்பியில்லாச் செங்கல் கட்டடங்கள், 1976க்கு முந்தைய, மூன்று மாடியோ 12 மீட்டரோ எட்டிய கட்டடங்கள், 1935க்கு முந்தைய, ஒன்று இரண்டு மாடிக் கட்டடங்கள். 1950களின் ஒற்றைமாடிக் கம்பிக் காரை (கான்கிரீட்) மண்டபமோ மரச்சட்ட மண்டபமோ இந்த மூன்றிலும் நேராக விழுவதில்லை. இதை அறிந்திருந்த குழுக்கள் மன்றத்திடம் தக்க கேள்வியைக் கேட்க முடிந்தது.

வலுப்படுத்த முன்வந்த இடங்களில் பொதுவான வரிசை இது: கைப்பிடிச் சுவரைத் தாழ்த்துவது அல்லது எஃகுத் தாங்கு கொடுத்துக் கூரையோடு கட்டுவது, சுவர் உச்சியைக் கூரைச் சட்டத்தோடு பூட்டாணிகளால் இணைப்பது, உட்கூரையில் பிளைவுட் அடித்தோ கூரைத் தளத்தில் எஃகுக் கம்பிகளைக் குறுக்கே பிணைத்தோ விறைப்புத் தட்டு உண்டாக்குவது, தேவைப்பட்டால் கூடத்தின் குறுக்கே எஃகுச் சட்டங்கள் நிறுத்துவது. முதல் இரண்டும் செலவில் சிறியவை, உயிர்காப்பதில் பெரியவை. இவற்றைக் கூரை மாற்றும்போதே செய்தால் சாரம் கட்டும் செலவு ஒருமுறையோடு போகும்.

மறைந்திருந்த செலவு ஒன்று. கட்டட மாற்றத்துக்கு அனுமதி கேட்டால், தீயிலிருந்து தப்பும் வழியையும் மாற்றுத்திறனாளிகளுக்கான வசதியையும் இயன்றவரை இன்றைய தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறது 2004ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம். சாய்தளம், அகன்ற கதவு, புதிய கழிப்பறை எல்லாம் அப்போது சேரும். நிலநடுக்க ஆபத்துக் கட்டடம் என்று முறையாக அறிவிக்கப்பட்டவற்றுக்கு இதில் சலுகைக்கு வழி உண்டு. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

விளைவு

ஒரே மாதிரி முடியவில்லை. சில மண்டபங்கள் வலுப்பெற்றுத் திறந்தன. சில பூட்டியபடி ஆண்டுகளைக் கழித்து, சூடாக்காமலும் காற்று புகாமலும் உள்ளிருந்து கெட்டு, நிலநடுக்கம் வராமலே இடிக்கப்பட்டன. அரசு லாட்டரி வருவாயிலிருந்து தரப்படும் மானியங்கள் உதவின. 2020இல் மாகாண வளர்ச்சி நிதியிலிருந்தும் ஊர் மண்டபங்களுக்கும் போர் நினைவிடங்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. ஆவணம் தயாராக வைத்திருந்த குழுக்கள்தான் இவற்றை விரைவாகப் பயன்படுத்த முடிந்தது. 2024இல் முடியாதிருந்த வலுப்படுத்தல் கெடுக்கள் 4 ஆண்டு நீட்டப்பட்டன. 2025 செப்டம்பரில் சதவீத முறையையே கைவிடப் போவதாக அரசு அறிவித்தது. அந்த எண்ணை மட்டும் நம்பி இடித்தவர்களுக்கு அது காலம் கடந்த செய்தி.

2023 பிப்ரவரியில் கேப்ரியல் புயல் வடக்குத் தீவின் கிழக்குப் பகுதிகளைச் சாலையும் மின்சாரமும் இன்றித் துண்டித்தபோது, சிற்றூர்களில் மக்கள் கூடியதும் உணவு பகிர்ந்ததும் மராய்களிலும் (மாவோரி மக்களின் கூடுமிடங்கள்) ஊர் மண்டபங்களிலும்தான். சமூக மையம் என்று 1946இல் எழுதியதன் பயன் அங்கே தெரிந்தது.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பூட்டும் முன் விரிவான மதிப்பீடு வேண்டும். அதற்கும் முன் கொள்ளளவு வகையைத் தீர்மானிக்க வேண்டும். இடைக்காலத்தில் ஆபத்தான சுவரின் கீழுள்ள வாசலை மட்டும் மூடிப் பக்கவாசலைப் பயன்படுத்த முடியுமா, மேடையை மட்டும் ஒதுக்க முடியுமா என்று பொறியாளரிடம் எழுத்தில் கேட்கலாம். முழுக் கட்டடத்தையும் பூட்டினால் வாடகை நிற்கும், குழு கலையும். பிறகு வலுப்படுத்தும்படி கேட்க ஆளே இருக்கமாட்டார்கள்.

மன்றத்துக்கும் குழுவுக்கும் இடையே உடன்படிக்கை ஒன்று எழுத்தில் வேண்டும். கூரை, வெளிச்சுவர், அடித்தளம், காப்பீடு ஒரு தரப்பு. தளம், சமையலறை, அன்றாடச் சுத்தம் இன்னொரு தரப்பு என்று பிரித்தால் சண்டை வராது. வாடகையில் ஒரு பங்கைக் கூரைக்கென்று தனிக்கணக்கில் போட வேண்டும். 1946இல் விடுபட்டது இதுதான். இன்றும் புதிதாக மானியம் வாங்கும் குழுக்கள் இதை விட்டுவிடுகின்றன.

பெயர்ப் பலகையைக் கட்டடத்தின் கதியிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். மதிப்பீடு தொடங்கும் நாளே நேர்முகமாகவும் பக்க ஒளியிலும் படம் எடுத்து, அளவு குறித்து, எழுத்துப் பிழை உட்பட இருப்பதை இருக்கிறபடியே படியெடுக்க வேண்டும். பிறகு ஆக்லாந்து அருங்காட்சியகத்தின் இணைய நினைவுப் பதிவோடும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவோடும் ஒப்பிடலாம். விடுபட்ட பெயர் கிடைத்தால் பழைய பலகையில் திருத்தாமல், பக்கத்தில் தனித்தகடு வைப்பதே சரி. தங்க எழுத்தை மறுபடி வண்ணம் பூசிப் புதுப்பிக்கக் கூடாது. துறைசார் பாதுகாவலர் வரும்வரை உலர்ந்த மென்தூரிகையால் தூசி தட்டுவது போதும். சுவரில் பதித்த பளிங்குத் தகட்டைக் கடைசி வாரத்தில் இடிப்பு ஒப்பந்தக்காரரிடம் பெயர்க்கச் சொன்னால் உடையும். இடிப்பு ஒப்பந்தத்துக்கு முன்பே கல்வேலை தெரிந்தவரைக் கொண்டு தனிப்பணியாகச் செய்து, போக வேண்டிய இடத்தையும் அங்கே அதை ஏற்கும் பொறுப்பாளரையும் எழுத்தில் முடிவு செய்திருக்க வேண்டும். அந்த ஊரில் இன்னும் வசிக்கும் குடும்பங்களுக்குத் தகடு அசையும் முன் தெரிவிக்க வேண்டும்.